பொறியியல் வகுப்பில் செய்முறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என நீர் பிரிவதையும் வாய்க்கால் மதகில் ஷட்டர் ஏறி இறங்குவதையும் பார்த்து வளர்ந்த டெல்டா மாணவர்கள், பொறியியல் கல்லூரியில் நீரோட்டத்தைச் சோதித்துப் படிக்கும் ஹைட்ராலிக்ஸ் லேபில் வாய் திறவாமல் நிற்பதைக் காண வருத்தமாக இருக்கிறது. இதற்குப் பெரும்பாலும் கற்பிக்கும் முறையே காரணம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மாணவரிடம் எதையும் கேட்காமல் சோதனையைச் செய்து காட்டிவிடுவது. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இயற்பியல் செய்முறையை வெறுமனே பார்த்தவர்களின் புரிதல், பார்க்காதவர்களின் புரிதலைவிடப் பெரிதாக உயரவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டிக் கணித்துவிட்டுப் பார்த்தவர்களே தெளிவாக முன்னேறினார்கள். தகட்டில் V வடிவில் வெட்டிய திறப்பின் வழியே வழியும் நீரை அளக்கும் வி-நாட்ச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். நாட்ச்சின் அடிமுனைக்கு மேல் நீர்மட்டம் இரு மடங்கு உயர்ந்தால் வழியும் நீர் எத்தனை மடங்காகும் என்று, பம்பைப் போடுவதற்கு முன்பே கேட்டுத் தாளில் எழுதச் சொல்ல வேண்டும். இரண்டு என்றோ நான்கு என்றோ எழுதியவர், தொட்டி நிரம்பும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் அளந்து, ஐந்தரை மடங்குக்கும் சற்று மேலே வருவதைக் காணும்போதுதான், ஓட்டம் உயரத்தின் 5/2 அடுக்கில் வளர்கிறது என்ற சூத்திரத்தைத் தானே தேடுவார். இந்த விவாதம் தமிழில் நடக்கட்டும். தேர்வுக்குரிய ஆங்கிலத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, ஓட்டக் கெழு, அதாவது உண்மையில் வழியும் நீருக்கும் கோட்பாட்டுக் கணக்கு தரும் அளவுக்கும் உள்ள விகிதம், 0.6ஐ ஒட்டி வந்தால்தான் அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து என்னும் வழக்கம். அப்படியானால் மாணவர் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து, விடையிலிருந்து பின்னோக்கி அளவீடுகளை எழுதிவிடுவார். 0.5 வந்தால், நீர்மட்டம் அளக்கும் ஹூக் கேஜில் தொடக்க அளவைச் சரியாகக் குறித்தாரா, தொட்டியில் கசிவு உண்டா என்று அவரைத் தேடவைத்து, அந்தத் தேடலுக்கும் மதிப்பெண் தர வேண்டும். சோதனைகளைக் கணினித் திரையில் செய்து பார்க்க உதவும் மத்திய அரசின் வர்ச்சுவல் லேப்ஸ் தளம் முன்பயிற்சிக்கு நன்று. கசிவும் பிழையும் இல்லாத திரை, நேரடிச் சோதனைக்கு ஈடாகாது.

புதிய முறையின் பயனை மாணவரின் விருப்பத்தைக் கொண்டு மட்டும் அளப்பதும் தவறு. ஹார்வர்டிலேயே 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில், தாமே முயன்று கற்கும் வகுப்பில் இருந்தவர்கள் அதிகம் கற்றிருந்தும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சென்ற ஆண்டின் தேர்ச்சி விகிதத்தோடு ஒப்பிடுவதும் உதவாது. வினாத்தாளும் வேறு, மாணவரும் வேறு. பாடத்துக்கு முன்னும் பின்னும், வகுப்பின் இரு பிரிவுகளுக்கும் பாடக் கருத்து புரிந்ததா என்று சோதிக்கும் ஒரே கேள்விகளைக் கொடுத்து, ஒரு பிரிவில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பார்த்தால், எது பயன் தந்தது என்று ஓரளவு நம்பிச் சொல்ல முடியும்.