சோலைக்காட்டு உலகை ஐந்தாம் பதிப்புக்குக் கொண்டுவருவது எப்படி?

கொடைக்கானலில் நாங்கள் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதையை நடத்தும் விளையாட்டு) உலகம் இந்த மலையிலிருந்தே பிறந்தது. பேரிஜம் பக்கத்துச் சோலைகள், தாண்டிக்குடிக் கற்திட்டைகள், 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி எல்லாம் அதில் உண்டு. எழுதியது அந்த விளையாட்டின் 2003-இல் வந்த 3.5 பதிப்பு விதிகளுக்கு. அப்படி ஓர் உலகத்தை 2014-இன் ஐந்தாம் பதிப்புக்கு மாற்றும்போது பழைய எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டு இருக்காதீர்கள். ஒரு மிருகமோ இடமோ ஆட்டக்காரர்களை என்ன செய்ய வைக்கிறது என்று பார்த்து, அதைப் புதிய விதியில் கட்டுங்கள்.

முதலில் ஒரு நோட்டை எடுத்து, எண்ணே இல்லாமல் எழுதுங்கள். “காட்டுமாடு: நேராக ஓடிவந்து முட்டும், ஆளைக் கீழே தள்ளும்.” இவ்வளவு போதும்.

எண்களை ஏன் ஒதுக்கச் சொல்கிறேன் என்றால், 3.5-இல் 20-ஆம் லெவல் போர்வீரன் இருபதுமுகப் பகடையில் விழுவதோடு கூட்டும் அடிப்படைத் தாக்குதல் எண் +20. ஐந்தாம் பதிப்பில் லெவலோடு ஏறும் புரொஃபிஷியன்சி (பகடையோடு கூட்டும் தேர்ச்சி எண்) +2-இல் தொடங்கி +6-இல் நின்றுவிடுகிறது. டராஸ்க் என்ற பெரும் மிருகத்தின் ஆர்மர் கிளாஸே (அடிக்க எட்ட வேண்டிய எண்) 35-இலிருந்து 25-க்கு இறங்கியது. உங்கள் கற்திட்டைக் காவலனுக்குப் பழைய 27-ஐ அப்படியே வைத்தால், +5 உள்ள புதுமுகம் பகடையில் 20 விழுந்தால்தான் அடிக்க முடியும்.

அடுத்து, அதே வேலையைச் செய்யும் மிருகத்தைப் புதிய புத்தகத்தில் தேடுங்கள். காட்டுமாட்டுக்குக் காண்டாமிருகம் கச்சிதம்: ஆர்மர் கிளாஸ் 11, உயிர்ப்புள்ளி 45. 20 அடி நேராக ஓடிவந்து முட்டினால் கூடுதலாக இரண்டு எட்டுமுகப் பகடைச் சேதம். எதிராளி வலிமைச் சோதனையில் 15 எடுக்காவிட்டால் விழுவான். பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

மூடுபனிதான் சிக்கலான இடம். 3.5-இல் அடர்ந்த பனிக்குள் 5 அடிக்கு அப்பால் இருப்பவரை அடித்தால் பாதிக்குப் பாதி தவறும். ஐந்தாம் பதிப்பில் பனிக்குள் இருவருக்குமே கண் தெரியாது. எதிரி தெரியாததால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுப்பது), எதிரிக்கு நாம் தெரியாததால் அட்வான்டேஜ் (பெரியதை எடுப்பது). இரண்டும் ஒன்றையொன்று அழித்து, வெயிலில் அம்பு விடுவதுபோலவே ஆகிவிடும். பனி இல்லாத பழனி மலை என்ன மலை! அதனால் நான் வைக்கும் விதி: பனிக்குள் 10 அடிக்கு மேல் அட்வான்டேஜ் கிடையாது, டிஸ்அட்வான்டேஜ் மட்டும், 30 அடிக்கு மேல் குறிபார்க்கவே முடியாது.

மற்றவை சுலபம். பழைய மூன்று தற்காப்புச் சோதனைகளும் பெரும்பாலும் உடல்திடம், சுறுசுறுப்பு, ஞானம் ஆகியவற்றுக்குப் போகும். சோதனையில் எட்ட வேண்டிய கடின எண்ணாக 10, 15, 20 போதும். ஐந்தாம் பதிப்பின் திருத்திய 2024 புத்தகங்கள் வைத்திருந்தால், இனத்துக்குக் கொடுத்த திறன் கூடுதலைப் பின்னணிக்கு மாற்றுங்கள்; ‘தேன் எடுப்பவர்’ நல்ல பின்னணி.

சரி, இனி ஒரே ஒரு சண்டை ஆடிப் பாருங்கள். இரண்டாம் லெவல் கேரக்டர்கள் நான்கு பேர், ஒரு காட்டுமாடு, சுற்றிலும் பனி. வில்லாளி அம்பை வைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒதுங்காவிட்டால், பனி விதியைத்தான் முதலில் திருத்த வேண்டும்.