தண்ணீரைப் பதுக்காதீர்கள், பிடித்து வையுங்கள்

சென்ற மாதம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. "நாளையும் மறுநாளும் குழாயில் தண்ணீர் வராது. அனைவரும் தேவையான தண்ணீரைப் பதுக்கி வைத்துக்கொள்ளவும்." அடுத்த நிமிடமே ஒருவர் கேட்டார்: "போலீஸ் வந்தால் எந்த மாடியில் ஒளிக்கிறது சார்?"

எழுதியவர் நல்ல மனிதர். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். தண்ணீரை நாம் பிடித்து வைப்போம். அரிசியை வாங்கிப் போடுவோம். ஊறுகாயைப் போட்டு வைப்போம், விறகை அடுக்கி வைப்போம், விதைநெல்லை எடுத்து வைப்போம், காசைச் சேர்த்து வைப்போம். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வினை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் 'பதுக்கு' என்று ஒரே மூடியைப் போட்டால் பொருத்தமில்லாதது ஒரு பக்கம், தேவையில்லாத குற்றச்சாட்டு வேறு வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஏனென்றால் பதுக்கு என்பது அளவைச் சொல்லும் சொல் அல்ல. மறைப்பைச் சொல்லும் சொல். பதுங்கு என்பதன் பிறவினை அது. அடங்கு–அடக்கு, முடங்கு–முடக்கு போல. பூனை பதுங்கும், வியாபாரி மூட்டையைப் பதுக்குவார். "திருடன் தோப்பில் பதுக்கி இருந்தான்", "அரிசியைப் பதுங்கி வைத்தனர்" என்றெல்லாம் அவசரத்தில் எழுதிவிடுகிறோம். இரண்டும் இடம் மாறியவை. சந்தேகம் வந்தால் 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' கதையை நினைத்துக்கொள்ளுங்கள். குதிருக்குள் நெல்லைச் சேமித்தார்கள், அப்பன் பதுங்கினான், அப்பனைப் பதுக்கப் பார்த்த மகன் வாயாலேயே மாட்டிக்கொண்டான்.

சங்கப் பாடல்களில் 'பதுக்கை' என்று ஒரு சொல் உண்டு. பாலை வழியில் இறந்துபட்டவர்களின் உடலை மூடிய கற்குவியல். குவிப்பதும் மறைப்பதும் அந்தச் சொல்லிலேயே ஒன்றாகக் கிடக்கின்றன.

அடுத்த தவறு, நிறைய வைத்திருந்தாலே பதுக்கல் என்று நினைப்பது. செய்தி எழுதுபவர்களே இதில் சறுக்குகிறார்கள். 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் அரசு அவ்வப்போது இருப்பு வரம்பு விதிக்கும். 2020 அக்டோபரில் வெங்காய விலை ஏறியபோது மொத்த வியாபாரிக்கு 25 டன், சில்லறை வியாபாரிக்கு 2 டன் என்று வரம்பு வந்தது. அன்றைக்கு ஒரு சில்லறைக் கடையில் ஒன்றரை டன் வெங்காயம் கிடந்தால் அது சரக்கு, இருப்பு, கடைக்காரர் பேச்சில் ஸ்டாக். வரம்பைத் தாண்டிய மூட்டைகளைப் பின்கட்டில் தார்ப்பாயால் மூடி, கேட்டவரிடம் "சரக்கு இல்லை" என்று கையை விரித்தால் அது பதுக்கல். வெங்காயம் என்னவோ அதே வெங்காயம்தான்.

அரசு வைத்திருப்பதற்குக் கையிருப்பு என்று பெயர். இந்திய உணவுக் கழகக் கிடங்கில் இருப்பது கோதுமைக் கையிருப்பு, ரிசர்வ் வங்கியிடம் இருப்பது தங்கக் கையிருப்பு. "ரிசர்வ் வங்கி டன் கணக்கில் தங்கத்தைப் பதுக்கியுள்ளது" என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். எழுதியவருக்கு அப்படி ஒரு குற்றம் சுமத்தும் எண்ணம் இருந்திருக்காது.

2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் மளிகைக் கடைகளில் கூட்டம் முண்டியடித்ததே, அதையும் 'பொதுமக்கள் பதுக்கல்' என்று சிலர் எழுதினார்கள். இல்லை, மக்கள் வாங்கிக் குவித்தார்கள். முகக்கவசத்தை உள்ளே வைத்துக்கொண்டு விலை ஏறட்டும் என்று காத்திருந்தவர்கள்தான் பதுக்கினார்கள். மத்திய அரசு அந்த மார்ச் 13 அன்று முகக்கவசத்தையும் கை சுத்திகரிப்பானையும் அத்தியாவசியப் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது இவர்களைக் கட்டுப்படுத்தத்தான்.

குவிப்புக்கும் பதுக்கலுக்கும் உள்ள வித்தியாசத்தை நீதிமன்றச் செய்திகள் ஓரளவு சரியாகவே காப்பாற்றி வருகின்றன. வருமானத்துக்கு மீறி வீடும் நிலமும் சேர்த்தால் சொத்துக் குவிப்பு வழக்கு. வீட்டை யாரும் பீரோவில் ஒளிக்க முடியாதே. சுவருக்குள் வைத்துப் பூசிய நோட்டுக் கட்டு என்றால் பதுக்கல். (சொத்துக் குவிப்பில் 'க்' வேண்டும், சுவரொட்டிகளில் அதைத் தேட வேண்டாம்.)

சரி, மறைத்தால் எல்லாமே பதுக்கலா? இங்கேதான் நம் மொழி அழகாக ஒரு விலக்குக் கொடுத்திருக்கிறது: சிறுவாடு. வீட்டுச் செலவுக்கு வந்த பணத்தில் மிச்சம் பிடித்து, கணவருக்குத் தெரியாமல் அரிசிப் பானையிலும் கடுகு டப்பாவிலும் பெண்கள் சேர்த்து வைக்கும் பணம். மறைத்து வைத்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் யாருடைய பங்கையும் தடுத்து வைத்ததல்ல. ஆத்திர அவசரத்துக்கு அந்த வீட்டுக்கே போகிற பணம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும் எத்தனையோ வீடுகளில் சிறுவாடு வெளியே வந்தது. அதையும் கறுப்புப் பணத்தோடு சேர்த்துப் 'பதுக்கல் பணம்' என்று ஒரே சொல்லில் பேசியவர்கள் உண்டு. எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது. சிறுவாடு என்ற சொல்லின் புழக்கம் குறைந்து வருகிறது. கடன் கேட்டு வரும் பேரனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் போய்விடக்கூடாது.

சின்னச் சின்னக் குழப்பங்கள் இன்னும் சில. அஞ்சல்தலையும் தகவலும் சேகரிப்பவை. மாதத்து மளிகையைச் 'சேகரித்தேன்' என்றால் காட்டில் தேன் எடுத்த மாதிரி இருக்கிறது. நிதியை ஒதுக்குவார்கள், அவசரமாகத் தட்டச்சு செய்து அதைப் 'பதுக்கினார்' ஆக்கிவிட்டால் அமைச்சர் வழக்குப் போடுவார்.

விளையாட்டுப் பேச்சில் மட்டும் இந்த விதிகளைத் தளர்த்தலாம். "தீபாவளி முறுக்கை எங்கேம்மா பதுக்கி வெச்சிருக்க?" என்று கேட்பதில் பிழையே இல்லை. குற்றம் சாட்டுவதுதானே அங்கே நோக்கம். அம்மாவும் மறுக்க மாட்டாள். டப்பாவை இன்னும் மேல் தட்டுக்கு மாற்றுவாள்.