12-க்கு 18 ஃபிரேமில் அடங்காத குடும்பப் படம்

செங்கோட்டை வீட்டு முற்றத்தில் செல்போனில் எடுத்த குடும்பப் படம். ரெடிமேட் ஃபிரேம் 12x18 அங்குலம். பிரிண்ட் போட்டால் பின்வரிசைக்காரர்களின் தலை போனது; முழுப் படம் வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை. புனலூரில் ஒரு ஸ்டூடியோவில் 16x24 போடச் சொன்னார்கள். அதிலும் அதே வெட்டுதான். எரிச்சலாக இருந்தது.

செல்போன் படத்தின் நீள அகல விகிதம் 4:3. 12x18, 16x24 இரண்டுமே 3:2. பெரிதாக்கினால் தீராது.

கடைசியில் 9x12 பிரிண்ட் போட்டேன், அது சரியாக 3:4. சுற்றி ஒன்றரை அங்குல மவுண்ட் (நடுவில் திறப்பு வெட்டிய தடித்த அட்டை) வைத்து 12x15 ஃபிரேம். பலரும் கவனிக்காதது ஒன்று: ஃபிரேம் அளவு என்பது கண்ணாடியின் அளவு. சட்டத்தின் உதடு பக்கத்துக்குக் கால் அங்குலம் போல மறைக்கும். மவுண்ட்டின் திறப்பையும் 8.5x11.5 என்று குறைத்து வெட்டச் சொன்னேன். இல்லாவிட்டால் பிரிண்ட் நழுவி விளிம்பு தெரியும். "அண்ணாச்சி, திறப்பு 9x12 வேண்டாமா?" என்று கடைப்பையன் இரண்டாம் முறை கேட்டுவிட்டுத்தான் வெட்டினான்.

மவுண்ட் இருப்பதால் படம் கண்ணாடியில் ஒட்டாது. எங்கள் ஊர்ச் சாரல் ஈரத்துக்கு அது கட்டாயம் வேண்டும்.