அரிசி ஆலையில் யூ.எஸ்.பி. ஹப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை, "கம்ப்யூட்டரில் எடை வரவில்லை" என்றே தொடங்கும். போய்ப் பார்த்தால் எடைமேடை, பார்கோடு ஸ்கேனர், லேபிள் பிரிண்டர், கைரேகைக் கருவி எல்லாம் ஒரே ஹப்பில் (கணினியின் ஒரு யூ.எஸ்.பி. போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் பெட்டியில்) செருகப்பட்டிருக்கும். தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அனைவரும் ஏறக்குறைய ஒரே தவறுகளைச் செய்வதால் அவற்றை எழுதி வைக்கிறேன். டிரைவர் போடாதது, வயரைச் சரியாகச் செருகாதது போன்றவை அவர்களுக்கே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடாப்டர் இல்லாத ஹப்

கணினியின் யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். தனி அடாப்டர் இல்லாத ஹப் அதில் தனக்கும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100 மில்லி ஆம்பியருக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. ஸ்கேனரும் கைரேகைக் கருவியும் ஒரே நேரத்தில் விளக்கெரிக்கும்போது மின்னழுத்தம் சரிந்து, இரண்டும் துண்டிக்கப்பட்டு மீண்டும் இணையும். இதற்கு மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரும்புப் பெட்டியை நம்புதல்

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். இரும்புப் பெட்டி, 24 வோல்ட் டெர்மினல், பேனலில் மாட்டும் கொக்கி ஆகியவற்றைக் கண்டதும், ஆலைக்கு ஏற்ற ஹப் இதுவே என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பெட்டியின் வலிமைக்கும் உள்ளே ஐசோலேஷன் (இரு பக்கங்களையும் மின்தொடர்பின்றிப் பிரித்து, தகவலை மட்டும் கடத்தும் அமைப்பு) இருப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சாதாரண ஹப் ஒன்றில் எத்தனை போர்ட் இருந்தாலும் அவை அனைத்தின் கிரவுண்டும் (பூஜ்ய வோல்ட்டாகக் கொள்ளப்படும் பொது வயர்) ஒன்றே. எடைமேடையின் எடையைக் காட்டும் இண்டிகேட்டர் வாசலில் உள்ள கேபினில் ஓர் எர்த்தில் நிற்கிறது; அலுவலகக் கணினி வேறோர் எர்த்தில் நிற்கிறது; நடுவே அரவை மோட்டார்கள் ஓடுகின்றன. சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்துவிட்டாலோ நியூட்ரல் தளர்ந்தாலோ இரு எர்த்துகளுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, அது சமமாவதற்கு ஹப்பின் மெல்லிய கிரவுண்டு வயரையே வழியாகக் கொள்ளும். யூ.எஸ்.பி. 2.0-இன் அதிவேக சிக்னல் சுமார் 400 மில்லி வோல்ட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஓரிரு வோல்ட் எவ்வளவு பெரிய தொல்லை என்பது விளங்கும்.

ஓர் ஆலையில் அரவை மோட்டாரை ஓடவிடும்போதெல்லாம் திரையில் எடை உறைந்து நின்றது. பணியாளர் வயரை மாற்றினார், ஹப்பை மாற்றினார், விண்டோஸையே புதிதாக ஏற்றினார்; இண்டிகேட்டரின் வயரைக் கழற்றி, அதன் முனையின் உலோக உறைக்கும் கணினியின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை ஒருமுறை வைத்துப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஐப்பசியில் ஒரு மாலை அருகில் இடி விழுந்தபோது ஹப், கணினியின் மதர்போர்டு, இண்டிகேட்டரின் சீரியல் போர்ட் மூன்றும் ஒன்றாகப் போயின. நெல் லாரிகள் வரிசையில் நிற்க, எடையைக் கையால் எழுதினார்கள். பிறகு நான் அளந்தபோது மோட்டார் ஓடுகையில் மீட்டர் 8 வோல்ட் ஏ.சி. காட்டியது.

ஐசோலேட்டட் ஹப்பையோ, கணினிக்கும் ஹப்புக்கும் நடுவே ஓர் ஐசோலேட்டரையோ போடுவதே இதற்குத் தீர்வு. விலை கூடுதல்தான். மலிவான ஐசோலேட்டர்கள் பெரும்பாலும் 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். எடைக்கும் ஸ்கேனருக்கும் அது தாராளம், கேமராவுக்குப் போதாது. ஆனால் அதையும் வாங்கி வீணாக்குபவர்கள் உண்டு: ஹப்புக்கும் கணினிக்கும் ஒரே 24 வோல்ட் சப்ளையிலிருந்து மின்சாரம் எடுத்தால், பிரித்து வைத்த இரு கிரவுண்டுகளும் அந்தச் சப்ளையின் நெகட்டிவ் வழியே மீண்டும் சேர்ந்துவிடும். ஐசோலேட்டருக்கு அப்பால் உள்ள பக்கத்துக்குத் தனிச் சப்ளை வேண்டும். ஒரே போர்ட்டில் மட்டும் ஐசோலேஷன் உள்ள ஹப்பில் மற்ற கருவிகளின் கிரவுண்டுகள் ஒன்றாகவே இருக்கும் என்பதால், எடைமேடையை எந்தப் போர்ட்டில் செருகுவது என்பதையும் பார்க்க வேண்டும். இடிக்கு ஐசோலேட்டர் மட்டும் போதாது. கேபினிலிருந்து அலுவலகம் வரை, மின்சாரத்தைக் கடத்தாத ஃபைபர் வயர் இழுப்பதே உத்தமம்.

ஹப்பின் மேல் ஹப்

இரண்டுக்கு மேல் வேண்டாம்.

நீளமான வயர்

யூ.எஸ்.பி. 2.0-க்கு 5 மீட்டர். அதைத் தாண்ட வேண்டுமென்றால், நீண்ட தூரத்துக்கான சீரியல் இணைப்பான ஆர்.எஸ். 485 அல்லது ஈதர்நெட்.

தவிட்டுத் தூசி

காலிப் போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள்.

போர்ட்டை மாற்றிச் செருகுதல்

கருவியின் சீரியல் போர்ட்டைக் கணினியின் யூ.எஸ்.பி.யுடன் இணைக்கும் சீரியல் மாற்றி வயர்களில் சிலவற்றின் சிப்பில் தனி வரிசை எண் இருக்காது. அத்தகைய வயரை வேறு போர்ட்டில் செருகினால் விண்டோஸ் அதைப் புதுக் கருவியாகக் கருதி, காம் 3 என்ற போர்ட் எண் இருந்த இடத்தில் காம் 7 என்று கொடுத்துவிடும். எடை மென்பொருளோ பழைய எண்ணிலேயே காத்துக்கொண்டிருக்கும். துப்புரவுக்காக வயர்களைப் பிடுங்கிய மறுநாள் வரும் அழைப்பு இதுவே. வரிசை எண் உள்ள சிப்பாகக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் போர்ட்டிலும் வயரிலும் ஒரே நிறப் பெயின்ட் தடவி வையுங்கள். கூடவே, விண்டோஸின் மின்சேமிப்பு அமைப்பில் யூ.எஸ்.பி. போர்ட்டுகளை உறங்கவைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.