உமியைக் கரியாக்கிப் பாத்திக்குச் சேர்ப்பது எப்படி

நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. கிழக்கிலங்கையின் சம்மாந்துறையிலும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அறுவடை முடிந்தால் மில்லுகளின் பின்னால் அது மலையாய்க் குவியும். பிறகு யாராவது நெருப்பு வைத்துவிடுவார்கள். அநியாயம். சாம்பலாக விடாமல் கரியோடு நிறுத்தினால், வாவிக்கும் கடலுக்கும் இடையே உள்ள எழுவான்கரையின் தண்ணீர் தங்காத மணலுக்கு அது அருமையான சேர்மானம். பச்சை உமியை அப்படியே புதைக்காதீர்கள். உக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனை நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும்.

20 லீற்றர் எண்ணெய்த் தகரம் ஒன்றின் மூடியை வெட்டியெடுத்து, சுற்றிவர இரண்டு அங்குலத்துக்கு ஒரு துளை ஆணியால் போடுங்கள். துளை பெருத்தால் உமி உள்ளே கொட்டி நெருப்பை அணைத்துவிடும். அடித்தட்டில் வட்டம் வெட்டி, 4 அங்குல அகலமும் 5 அடி நீளமுமான தகரக் குழாயைப் பொருத்துங்கள். இதுதான் புகைபோக்கி.

வெட்டவெளியில் சிரட்டை நெருப்பு மூட்டி, அது நன்றாகப் பிடித்ததும் தகரத்தை அதன்மேல் கவிழ்த்துவிடுங்கள். ஐந்தாறு உரப்பை உமியைச் சுற்றிலும் குவியுங்கள். குழாய் மட்டும் வெளியே தெரியட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையே நல்லது. காற்று அடிக்கிற பக்கம் சாம்பலாகும், மறுபக்கம் பச்சையாகவே கிடக்கும், பொறியும் பறக்கும்.

குவியலின் மேலே கறுப்புத் திட்டுகள் தெரிந்ததும் வெளி உமியைச் சவளால் உள்ளே தள்ளிப் புரட்டுங்கள். இரண்டு மூன்று மணியில் எல்லாம் கறுக்கும். இந்த இடத்தில்தான் பலருக்குப் பிசகுகிறது: ஓரத்தில் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தால் கரி எரிந்துகொண்டிருக்கிறது. உடனே தகரத்தை எடுத்துவிட்டு, குவியலை மெல்லிதாகப் பரப்பி, பத்து வாளிக்குக் குறையாமல் தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும். வாவித் தண்ணீரின் உப்பு பாத்திக்குப் போய்விடும். அன்றே பையில் கட்டக் கூடாது. உள்ளே ஒரு கனல் ஒளிந்திருந்தாலும் இரவில் பை பற்றும். மறுநாள் கிளறிப் பார்த்து, சூடும் புகையும் இல்லை என்றால் அள்ளலாம். தூசு நெஞ்சுக்கு ஆகாது, மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

50 கிலோ உமிக்கு 15 கிலோ அளவில் கரி கிடைக்கும். வெறும் கரியைப் போட்டால் முதலில் அதுவே சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு பங்கு கரிக்கு ஒரு பங்கு மாட்டெரு சேர்த்து, மாட்டு மூத்திரத்தைத் தண்ணீரில் கலந்து தெளித்து, நிழலில் படங்கால் மூடி மூன்று வாரம் ஈரம் காயாமல் வையுங்கள். பிடித்தால் உருண்டு நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

மிளகாய், கத்தரிப் பாத்திக்குச் சதுர மீற்றருக்கு இரண்டு கிலோ போட்டு, மேல் ஆறு அங்குல மண்ணோடு கிளறுங்கள். நாற்றுப் பைக் கலவையில் காற்பங்கைத் தாண்டாதீர்கள். கரியின் காரத்தன்மையால் இளங்கன்றின் குருத்து வெளிறும்.