மறு ஆர்டர் எப்போது போட வேண்டும்?

விநியோகச் சங்கிலி மேலாண்மை, அதாவது மூலப்பொருள் வாங்குவது முதல் சரக்கு அனுப்புவது வரை எதுவும் தேங்காமல் பார்த்துக்கொள்வது, பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமான பாடம் அல்ல. திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டரே நூல், நிட்டிங், சாயம், தையல் எனப் பல கை மாறுகிறது. சாயப்பட்டறையில் துணி தேங்கினால் தையல் மெஷின்கள் சும்மா நிற்கும். கூலியும் வாடகையுமா நிற்கும்?

நூல் வந்துசேர வழக்கமாக 10 நாள், மோசமான மாதத்தில் 16 நாள் என்றால், 16-ஐயே கணக்கில் எடுங்கள். தினமும் 20 கிலோ செலவானால், இருப்பு 320 கிலோவுக்கு இறங்கியதுமே அடுத்த ஆர்டரைப் போட்டுவிடுங்கள். சராசரியை நம்பாதீர்கள். 2021 மார்ச்சில் ஒரே கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்துக்கொண்டது.

பணம் சரக்கில் முடங்குமே என்ற கவலை நியாயமானதுதான். இப்படிக் கூடுதல் இருப்பு வைப்பதை, ஒரே ஒருவரிடம் மட்டும் வாங்கும் லேபிள், எலாஸ்டிக் போன்றவற்றிலிருந்து தொடங்குங்கள். அவை விலை குறைவு, ஆனால் அவை இல்லாமல் பெட்டி கிளம்பாது.