ஜாகுவாருக்குக் காலர் மாட்டப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

1980களின் தொடக்கத்தில் ஆலன் ரபினோவிட்ஸ் என்ற அமெரிக்கர், பெலீஸ் நாட்டின் காக்ஸ்கோம்ப் மழைக்காட்டில் கூண்டு வைத்து ஜாகுவார்களை, அதாவது சிறுத்தை போலப் புள்ளியுள்ள பெரும்பூனைகளைப் பிடித்து, இருக்குமிடம் தெரிய சிக்னல் அனுப்பும் கழுத்துப்பட்டையான ரேடியோ காலர் மாட்டினார். 1986இல் அங்கே ஜாகுவாருக்கென்றே ஒரு சரணாலயம் வந்ததற்கு அந்த ஆய்வு பெரிய காரணம். ஆனால் கூண்டில் சிக்கிய ஜாகுவார் சும்மா படுத்திருக்காது. ஆமை ஓட்டையே உடைக்கிற தாடையால் கம்பியைக் கடிக்கும். கோரைப்பல் உடைந்தால் சீழ் பிடிக்கும், வேட்டையாட முடியாது. அப்புறம் அதைத் திறந்துவிட்டு என்ன பயன்? கம்பிகளுக்கு நடுவே வாய் நுழைய இடம் விட்டு வைப்பது முதல் தவறு.

இதனால் பலர் கால் கண்ணிக்குப் போனார்கள். கம்பி வடம், காலை முறுக்காமல் சுழலும் இணைப்பு, இழுப்பைத் தாங்க ஒரு சுருள்வில், அவ்வளவுதான் சாமான். இடம் பார்ப்பதில்தான் கோட்டை விடுவார்கள். வடம் சுற்றிக்கொள்ளும் மரக்கன்று, பக்கத்தில் ஓடை, சரிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். மயங்கிய விலங்கு அரையடித் தண்ணீரிலும் மூழ்கிச் சாகும். கண்ணி இழுபட்டதும் தகவல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. அதை வைக்காமல் ‘காலையில் போய்ப் பார்த்துக்கலாம்’ என்று தூங்கப் போகிறவர் இந்த வேலைக்கு வரவே கூடாது.

மயக்க ஊசி போட்ட பிறகுதான் உண்மையான பதற்றம். கெட்டமைன் என்ற மயக்க மருந்து கொடுத்த பூனையின் கண் மூடாது, இமையும் அடிக்காது. களிம்பு தடவித் துணியால் மூடாவிட்டால் விழி காய்ந்து புண்ணாகும். உடம்பைச் சுற்றி எறும்பு ஏறுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் கையில் தெர்மாமீட்டர். 38, 39 டிகிரி செல்சியஸ் சரி. 40ஐத் தாண்டினால் தொடை இடுக்கிலும் வயிற்றிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். புழுக்கமான காட்டில், கண்ணியில் துள்ளிக் களைத்த விலங்குக்கு அந்த ஒரு டிகிரி ஏற நேரமே ஆகாது. அந்த நேரத்தில் ஆளாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

காலரை இறுக்கிவிடாதீர்கள், அதுவும் வளர்கிற ஆண் குட்டிக்கு. தேதி வந்தால் தானே கழன்று விழும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் அதைக் கழற்றவே இன்னொரு முறை பிடிக்க வேண்டும்.

சரி, காலர் மாட்டியாயிற்று. ஆன்டெனாவோடு ஓரிடத்தில் நின்று, காலரின் சிக்னல் வரும் திசையைக் குறித்துவிட்டுத் திரும்புவது பழைய தவறு. மலைச்சரிவில் பட்டு எதிரொலிக்கும் சிக்னல் நேர் எதிர்த் திசையைக் காட்டும். மூன்று இடங்களிலிருந்து, விலங்கு நகர்வதற்குள், வேகமாகத் திசை எடுத்து, கோடுகள் சந்திக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் காலரில் வேறு சிக்கல். அடர்ந்த இலைக்கூரையின் கீழ் செயற்கைக்கோள் எட்டாமல் பல பதிவுகள் விழாமலே போகும். விழுந்த புள்ளிகளை மட்டும் வரைபடத்தில் வைத்தால், ஜாகுவார் திறந்த வெளியில்தான் அதிகம் திரிகிறது என்று தோன்றும். அது அடர்காட்டில் படுத்திருந்த நேரமெல்லாம் வரைபடத்தில் வெற்றிடம்.

எத்தனை ஜாகுவார் என்று எண்ண, சூடான உடல் நகர்ந்தால் தானே படமெடுக்கும் கேமராவை நம்பினாலும் கணக்கு தப்பலாம். பிரேசிலின் பாண்டனாலில் (அது மழைக்காடு இல்லை, சதுப்பு நிலம்) கேமராப் படங்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டபோது 100 சதுர கிலோமீட்டருக்கு 10 ஜாகுவாருக்கு மேல் வந்தது. ஜிபிஎஸ் காலர் காட்டிய நடமாட்டத்தைச் சேர்த்துப் பார்த்தால் 7ஐக்கூடத் தொடவில்லை. பாதையோரம் மட்டும் கேமரா கட்டினால் ஆண் ஜாகுவார்கள்தான் படத்தில் அதிகம் விழும். எந்த ஜாகுவார் என்று புள்ளிகளை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம்; இடது விலாப் புள்ளிகள் வேறு, வலது விலாப் புள்ளிகள் வேறு. அதனால் எதிரெதிரே இரண்டு கேமரா வேண்டும். கட்டி முடித்ததும் குனிந்து முன்னால் ஆடும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். வெயிலில் சூடான ஒரே ஒரு இலை போதும், மெமரி கார்டு முழுக்க அதன் படம்தான் இருக்கும்.